ஏர் பிரேக்கும் இரட்டைப் பிள்ளைகளும்

என் மகன்கள் இருவரும் இரட்டையர். மூன்று வயதை நெருங்கும்வரை டயப்பரிலேயே ராஜவாழ்க்கை வாழ்ந்துவிட்டார்கள். இந்த மே மாதம் தொடங்கியதும் வீட்டில் நெருக்கடி ஆரம்பித்தது. என் மனைவி நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளுக்காக எடுத்த நீண்ட விடுப்பு முடியப்போகிறது. அவள் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் இவர்கள் பாலர் பள்ளியில் சேர்ந்தாக வேண்டும். அங்கே ஒரே நிபந்தனை: டயப்பர் கூடாது, ஒன்றுக்கு வந்தால் பிள்ளையே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

"நீங்களும் ஆம்பளதான, நீங்களே பழக்கிவிடுங்க. இன்னொரு தடவை லீவை நீட்டுனா வேலையவே மறந்துர வேண்டியதுதான்" என்றாள். கடைசி வரியைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் வண்ணார்பேட்டையில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வீடு. தண்ணீரில் விழுந்த போனுக்கே உயிர் கொடுக்கிறவன், இரண்டு வாண்டுகளைப் பழக்க முடியாதா என்று எனக்கு ஒரு திமிர்.

முதலில் வாத்து வடிவத்தில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகள் வாங்கினேன். அவர்கள் அதை உடனே பஸ்ஸாக மாற்றிவிட்டார்கள். ஒருவன் டிரைவர், மற்றவன் கண்டக்டர். "நாங்குநேரி, நாங்குநேரி! ஏறு, ஏறு!" என்று ஹால் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றுக்கு வந்தபோது பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, நாகரிகமாக ஓரத்துக்குப் போய் இருந்தார்கள். ஓரம் என்பது என் புது சோபா.

சரி, நம் ஆட்கள் எல்லோரும் வளர்ந்த வழியே போதும் என்று வாத்துகளைப் பரணில் ஏற்றினேன். அரைஞாண் கயிற்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருவரையும் பாத்ரூமில் நிறுத்தி, பக்கத்தில் குனிந்து "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, உதடு காயும்வரை. நான்கே நாளில் படிந்துவிட்டார்கள். கீழே டீக்கடை அண்ணாச்சியிடம் பெருமை தாங்காமல் சொன்னேன்: "சத்தம் குடுத்தாப் போதும் அண்ணாச்சி, பைப்பைத் திறந்த மாதிரி வருது."

ஐந்தாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே டவுன் பஸ் ஒன்று வந்து, ஏர் பிரேக்கைப் பிடித்து, "புஸ்ஸ்ஸ்ஸ்" என்று நின்றது. இருவரும் விளையாட்டை அப்படியே விட்டார்கள். டவுசரை இறக்கினார்கள். வாசலில் வாடிக்கையாளர் கழற்றிவைத்திருந்த செருப்பு நனைந்தது.

"என்னவே, பஸ்ஸு நின்னா இவனுவளுக்கு வருது! ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல இருந்துக்கிட்டு எந்தப் பாடத்தவே சொல்லிக் குடுத்தீரு?" என்று அண்ணாச்சி டீ ஆற்றுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து வண்ணார்பேட்டையே எனக்கு எதிரியாகிவிட்டது. நாள் முழுக்கப் பஸ். பஸ் ஓய்ந்தால் பஞ்சர் கடையில் காற்று. அண்ணாச்சி சோடா உடைத்தால்கூட ஒரு சொட்டு. "குக்கரு மூணு விசில் விட்டா நான் மூணு தடவ தரையத் தொடைக்கேன்" என்று மனைவி துடைப்பானை என் கையில் திணித்தாள். இதில் யாரிடமும் சொல்லாத ஒரு கேவலம் வேறு இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று சத்தம் கொடுத்துக் கொடுத்து, அதைக் கேட்டால் எனக்கும் முட்டத் தொடங்கியிருந்தது.

பழக்கியதை மாற்றிப் பழக்க இரண்டு வாரம்தான் மிச்சம். புதுச் சட்டம் போட்டேன். என்ன சத்தம் கேட்டாலும் முதலில் "வருது" என்று சொல்ல வேண்டும், பிறகுதான் டவுசர். சொன்னால் ஒரு கடலை மிட்டாய். சொல்லாமல் போனால் கிடையாது. மிட்டாய்க்காகவே பொய்யாக "வருது, வருது" என்று என்னை ஓடவிட்டார்கள். ஆனாலும் செருப்புகள் காய ஆரம்பித்தன.

பாலர் பள்ளிக்குப் போகும் நாளும் வந்தது. தலைமை ஆசிரியை அறையில் பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, பக்கத்து வகுப்பில் ஒரே கூச்சல். அவர் அந்தப் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, நீளமாக, "ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!" என்றார்.

மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பிள்ளைகள் இருவரும் விறைத்து எழுந்தார்கள். நாலு கையும் டவுசருக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றது.

"மிஸ், வருது" என்றான் பெரியவன்.

"எனக்கும் வருது" என்றான் சின்னவன்.

"அட, ரெண்டு பேரும் அழகா சொல்லுதீங்களே!" என்று அவர் ஆயாவைக் கூப்பிட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை அப்படி நிம்மதியாகப் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச எனக்கும் ஆசைதான். என் நிலைமை இடம் கொடுக்கவில்லை. எழுந்தேன், ஆயாவைத் தாண்டி ஓடினேன்.

நான் வெளியே வந்தபோது இருவரும் பாத்ரூம் வாசலில் டவுசரை ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். சின்னவன் என்னை அண்ணாந்து பார்த்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான்.

"அப்பா, நீ மிஸ்கிட்ட சொல்லாம ஓடியாந்துட்ட. உனக்கு மிட்டாய் கிடையாது."