முந்திக்கொண்டு பிசைந்த மாவு

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடும். அம்மாவுக்கு முப்பத்தொன்பதில் நின்றது. அக்காவுக்கும் நாற்பதைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. மேல்மலையனூர் அம்மனுக்கு எங்கள் வீட்டில் மாவிளக்கு போடும்போது, நின்றுபோன பெண்தான் மாவு பிசைய வேண்டும் என்பது வழக்கம். மற்ற வீடுகளில் அந்த இடத்துக்கு வர ஐம்பதைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டில் தலை நரைக்கும் முன்பே வந்துவிடுவார்கள். அக்கா அதைப் பதவி உயர்வு போலச் சொல்லிக்கொள்வாள்.

எனக்கோ அது பதவியாகவே தெரியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதே முப்பத்தைந்தில்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் கழித்தல் கணக்கு நன்றாக வரும். முப்பத்தொன்பதில் முப்பத்தைந்து போனால் நான்கு. அதற்குள் ஒரு குழந்தை பெற்றுவிட வேண்டும். மணையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கல்யாண போட்டோவில் பார்த்தால் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி இருப்பேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டரை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். வீட்டுக்காரர் அவலூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குக் கவலையே கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் படுகிறேன்.

மூன்று வருஷம் ஒன்றும் தங்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது, அக்காவுக்கு எந்த வயதில் நின்றது என்று அவர் கேட்க, நான் சொல்ல, எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒரு பொண்ணு பொறக்கும்போதே அவ ஆயுசுக்கும் வேண்டிய கருமுட்டை எல்லாம் உள்ளேயே இருக்கும்மா. அதுக்கப்புறம் புதுசா உருவாகாது, கொறைஞ்சுகிட்டேதான் வரும். எவ்ளோ வேகமா கொறையும்ங்கறதுல ஜீனுக்குப் பெரிய பங்கு இருக்குது.”

“ஜீன்னா இன்னா மேடம்?”

“குடும்பத்துல மூக்கு வருதுல்ல, அந்த மாதிரி.”

“அக்காவுக்கு அம்மா மூக்கு. எனக்கு நைனா மூக்கு.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அப்ப இதுலயும் நைனா பக்கத்து ஜீன் கொஞ்சம் கைகுடுக்கலாமே. அதுவும்தான் உனக்கு வருது. அவர் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?”

இருந்தார்கள். அத்தை தன் கடைசிப் பையனை நாற்பத்து நான்கில் பெற்றாள். ஊரே சிரித்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் முட்டை குறைவு என்றுதான் வந்தது. “கொறைச்சல்னு சொன்னேன், இல்லவே இல்லன்னு சொல்லல. நாள் தள்ளிப்போச்சுன்னா நேரா இங்க வா. நீயா ஒரு முடிவு பண்ணிக்காத” என்றார் டாக்டரம்மா. வரும் வழியில் வீட்டுக்காரர் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “இனிமே ஒன் மூக்கக் கிண்டல் பண்ண மாட்டேன்” என்றார்.

சில மாதங்களில் நாள் தள்ளிப்போனது. அடுத்த மாதமும் வரவில்லை. அந்தம்மா எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்தேன், நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கி ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தது, அதனால் அதையும் வாங்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அம்மாவையே ஒரு வருஷம் முந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

“ஒடம்பெல்லாம் வேர்க்குதா?” என்றாள் அக்கா.

“வேர்க்குதுக்கா.”

“அப்ப அதான்.”

அது சித்திரை மாதம். செஞ்சிப் பாறைகள் காய்கிற காய்ச்சலில் ஊரில் எல்லோருக்கும்தான் வேர்த்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

அமாவாசை வந்தது. அம்மா பச்சரிசி மாவுத் தட்டை என் பக்கம் தள்ளி, “வா, நீயும் ஒக்காரு” என்றாள். வெல்லத்தைப் போட்டுப் பிசைந்தேன். அழுகையில் கை ஓடவில்லை, மாவு இளகிவிட்டது. நடுவில் குழி பண்ணினால் சரிந்தது. மூன்று தடவை சரிந்தது.

“ஊருக்கே மாவு விக்கிறவ, ஒரு வெளக்கு நிக்கிதா பாரு” என்றாள் அக்கா. கடைசியில் அவள்தான் இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்து நிற்க வைத்தாள்.

மூன்றாவது மாதமும் வராமல் போகவே வீட்டுக்காரர் விடவில்லை, திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். “நின்னுபோச்சு மேடம்” என்றேன். டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். பாத்ரூம் போய் வந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் அறையில் படுத்திருந்தேன்.

“அங்க பாரு, துடிக்குது” என்றார் டாக்டரம்மா.

கருப்பு வெள்ளையில் ஒரு சின்ன உருவம். அதன் நடுவில் ஒரு புள்ளி, அரிசி குதிக்கிற மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “ஐயோ, நான் மாவு பிசைஞ்சிட்டேனே!”

“மாவு பிசைஞ்சா ஒண்ணும் ஆகாதும்மா” என்றார் அவர். அவருக்கு எங்கள் வீட்டு வழக்கம் எங்கே தெரியும்? நின்றவள்தான் தொட வேண்டிய மாவை, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிசைந்து அம்மனுக்கு வைத்துவிட்டேன். செஞ்சி வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டும் பயந்துகொண்டும் வந்தேன்.

அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியாமத்தான பெசஞ்ச? அம்மனுக்கு எல்லாம் தெரியும். அதான் ஒன் கையால வெளக்க நிக்க விடல.”

அக்கா மாவுத் தட்டையே மறைத்து வைத்துவிட்டாள். “ஒன் பதவி போச்சுடி. இனிமே இந்தப் பக்கமே வராத!” அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைத் துரத்தியதில்லை.

பிறந்தது பெண். டாக்டரம்மா பார்க்க வந்தபோது கேட்டேவிட்டேன்: “இவளுக்குள்ளயும் எல்லா முட்டையும் இப்பவே இருக்குதா மேடம்? இவளுக்கும் சீக்கிரம் தீந்துபோவுமா?”

“இருக்குது. அது எப்ப தீரும்னு இன்னைக்கே யாராலயும் சொல்ல முடியாது. அவ பெரியவளானதும் ஒங்க வீட்டுக் கதைய அவகிட்ட சொல்லு, தள்ளிப்போடாம யோசிச்சு முடிவு பண்ணுவா. இப்ப பசிக்குது அவளுக்கு, பால் குடு.”

குழந்தையை எடுத்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள். “ஐயையோ, பொட்டப்புள்ளைக்குப் போயி இந்த மூக்கு வந்திருக்குதே!”

அகலமான, நுனி உருண்ட, சாட்சாத் என் நைனாவின் மூக்கு. டாக்டரம்மா மூக்கைச் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன்” என்றார். “ஒங்க அத்தைக்கு ஒரு போனப் போடு.”