கேமராவுக்கு அனுமதி இல்லை

அந்தக் கைபேசி கெடவே இல்லை. ஐந்து மாதம் என் அம்மா தன் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்கு நெட்வொர்க் காரணமல்ல, நான்தான் காரணம். இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எங்களுக்குச் சோமனூரில் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். முப்பது வருடச் சத்தத்தில் அம்மாவின் காது போய்விட்டது. ஆனால் தறி ஓடும்போது யார்தான் காதால் கேட்டோம்? உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அம்மாவும் என் தங்கை கவிதாவும் கூடத்தின் இரண்டு கோடியில் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் நாள் முழுக்க வம்பளப்பார்கள்.

கவிதா கல்யாணமாகிக் கனடா போன பிறகு வீடியோ காலிலும் அதே பேச்சுத்தான். வெறும் குரலை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்? அந்தத் திரைதான் அவளுக்குக் காது. அது தெரிந்தேதான் செய்தேன்!

ஏன் செய்தேன்...? அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. தறியையும் பார்த்து அம்மாவையும் பார்த்தேன். மாலையானால் கவிதா கூப்பிடுவாள். போனைக் கொஞ்சம் திருப்பச் சொல்வாள். விரிப்பை மாற்றவில்லையா, தலை ஏன் இப்படிச் சிக்குப் பிடித்திருக்கிறது, நகம் வெட்டி எத்தனை நாளாயிற்று... எல்லாம் 'ங்க' போட்டு, மெதுவாகத்தான் கேட்பாள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. அவள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பது இன்னும் சுட்டது.

ஒருநாள் போனின் அமைப்புகளுக்குள் போய், வீடியோ கால் செயலிக்குக் கேமரா அனுமதியை எடுத்துவிட்டேன். அவள் கூப்பிட்டால் அனுமதி கேட்கும். மறுத்தால் அழைப்பு அறுந்துபோகும். ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரத்தோடு விட்டேனா?

கவிதா மென்பொருள் கம்பெனியில் வேலை செய்பவள், லேசில் விடுவாளா? குரல் அழைப்பில் வந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்ட போனை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். அணைத்துப் போட்டாயிற்று, செயலியை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று, வைஃபை பெட்டியையும் பார்த்தாயிற்று...

"ஏனுங்ணா, கேமராவுக்கு அனுமதி குடுத்திருக்குதான்னு ஒருக்கா பாருங்க."

"பாத்துப்போட்டேன் அம்மணி. குடுத்துத்தான் இருக்குது."

என் விரல் திரையைத் தொடவே இல்லை. தெரிந்தவர் மூலம் அவள் புதுப் போன் ஒன்று அனுப்பினாள். அதிலும் நான் முதலில் தேடியது அந்த அனுமதியைத்தான். எப்படி மனசு வந்தது எனக்கு?

நிம்மதியும் கிடைக்கவில்லை. இழை அறுந்த தறியை நிறுத்தி முடிச்சுப் போடும்போதெல்லாம், இன்றைக்குச் சரி செய்துவிடலாம் என்று தோன்றும். எப்படிச் சரியானது என்று கேட்பாளே...! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மாதங்களைத் தள்ளினேன்.

ஒரு மாலை, வழக்கம்போல் "பண்ணிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அம்மாவின் பார்வை என் உதட்டில் இருந்தது. அங்கிருந்து இறங்கி, சும்மா கிடந்த என் விரல்களில் நின்றது.

காதுதான் கேட்காதே என்று, உதட்டைப் படிப்பவளின் கட்டிலிலேயே உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறேன்! ஐந்து மாதமாக ஒவ்வொரு சொல்லையும் அவள் படித்திருக்கிறாள்.

அம்மா திட்டவில்லை. "அவ இளைச்சுட்டாளா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

நல்லா இருக்கிறாள் என்றேன். நானும்தான் அவளைப் பார்க்கவில்லையே!

மறுநாள் அனுமதியைக் கொடுத்தேன். திரையில் கவிதா வந்தாள். அழுதாள், சிரித்தாள், எப்படிங்ணா சரியாச்சு என்றாள். ஏதோ அப்டேட் வந்தது என்றேன். அதையும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். எனக்கும் படிக்கத் தெரியுமே...

"உங்கண்ணன் படாத பாடு பட்டுச் சரி பண்ணிப்போட்டான் அம்மணி."

என்னை மன்னித்தாளா, இல்லை இவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா? நான் கேட்கவில்லை. அதன்பிறகு பத்தொன்பது நாள்தான் இருந்தாள்.

காரியத்துக்கு வந்த கவிதா, அம்மாவுக்குத் தன் முகத்தைக் காட்ட அண்ணன் ஐந்து மாதம் போராடியதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லோரும் என்னை மதிப்போடு பார்த்தார்கள். நான் தலை குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதும் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறாள். நான் எடுப்பதில்லை. அவளும் உதட்டைப் படிப்பவள் அல்லவா, முகத்தைப் பார்த்தால் பொய்யையும் படித்துவிடுவாள்! துண்டித்துவிட்டுக் குரலில் கூப்பிட்டு, படம் வரமாட்டேங்குது என்கிறேன். அவள் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறாள்.

"பண்ணிப்போட்டேன் அம்மணி" என்கிறேன், காலியான கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.