சூடு தெரியாத பாதம்

விசுவாசிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு எழுதவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

நான் இராஜபாளையத்தில் டூவீலர் மெக்கானிக். அக்காவின் கணவர், என் அத்தான், பேண்டேஜ் துணி யூனிட்டில் சூப்பர்வைசர். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. பைக்கிலேயே எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. போன வருடம் கோடையில் கிளம்பினோம். ஒரே வண்டி, மாற்றி மாற்றி ஓட்டினோம். புறப்படும்போது அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, அவியளக் கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்து சேத்துரு."

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பயணத்தில் ஓர் ஊரை நல்லபடியாகக் கடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டு எடுத்துவைப்போம், திரும்பி வந்து சபையில் படைப்போம். அத்தான் அந்தக் கவர்களை வண்டி பேப்பர்களோடு ஒரே பையில் வைத்திருந்தார். எல்லை தாண்டிய முதல் செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் பேப்பரைக் கேட்டான். அத்தான் பையை அப்படியே நீட்டினார். அவன் ஒரு கவரைப் பிரித்துப் பார்த்துப் பல்லைக் காட்டினான். லஞ்சம் என்று நினைத்துக் கவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சல்யூட் அடித்து அனுப்பிவைத்தான். ஆண்டவருக்கென்று வைத்த பணம். வண்டியைக் கிளப்பியதும் அத்தானிடம் அதைச் சொல்லிக் கத்தினேன்.

"விடு மாப்ள, பொறவு வேற வச்சிக்கிடலாம்" என்றார் அத்தான்.

அங்கேதான் மோசம் போனோம். அவன் போனில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தடுத்த செக்போஸ்ட்டுகளில் யாரும் பேப்பரைக் கேட்கவில்லை. நேரே கவரைத்தான் கேட்டார்கள். கவர்களும் தீர்ந்தன, கையிருப்பும் தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொரு செக்போஸ்ட்டில் ஓர் அதிகாரியிடம் மாட்டினோம். பணமில்லை என்றால் அவன் நம்பவில்லை. சாவியையும் பாஸ்போர்ட்டுகளையும் பிடுங்கிக்கொண்டான். ஷூவுக்குள் ஒளித்திருக்கிறோம் என்று ஷூ, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றவைத்துத் தேடினான். ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் எங்களை வெறுங்காலோடு தார் ரோட்டில் நிறுத்தினான். உச்சி வெயில். அவன் மரத்தடியில் நாற்காலி போட்டுத் தர்பூசணி தின்றான்.

நான் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளினேன். அவன் ஆட்களைக் கூப்பிட்டு, என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். அத்தானோ கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தி, அசையாமல் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், சுடலையா?"

"எம்புட்டு நேரமா நிக்கோம், ஒரு சூடும் தெரியல மாப்ள. ஆண்டவர் தாங்குதாரு. சத்தமா ஸ்தோத்திரம் சொல்லு."

அற்புதம் என்றே நம்பினேன். அழுதுகொண்டே சத்தமாகத் துதித்தேன்.

துள்ளாதவனைத் துள்ளவைத்தே தீருவது என்று அதிகாரிக்கு வீம்பு வந்துவிட்டது. என்னை நிழலுக்குத் துரத்திவிட்டு அத்தானை மட்டும் நிற்கவைத்தான். அப்போதுதான் நான் முழங்காலில் நின்று கேட்டேன். "அப்பா, வண்டி போனால் போகட்டும். இவரை உயிரோடு அக்காவிடம் சேர்க்க வேண்டும். எப்படியாவது ஒரு வழியைத் திறந்துவிடும்."

சற்று நேரத்தில் அதிகாரி எரிச்சலோடு எழுந்து வந்து அத்தானைப் பிடித்துத் தள்ளினான். அத்தான் ஓர் எட்டு எடுத்துவைத்தார். உள்ளங்கால் தோல் தாரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் அப்போதும் புன்னகையோடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. சாவியையும் பாஸ்போர்ட்டுகளையும் என்மேல் விட்டெறிந்து, போகச் சொல்லிக் கத்தினான். நான் கேட்ட வழி அப்படித்தான் திறந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சர்க்கரையால் கால் நரம்புகள் எப்போதோ செத்துவிட்டன, அதனால்தான் சூடு தெரியவில்லை என்றார் டாக்டர். நாங்கள் துதித்தது அத்தானின் வியாதியைத்தான். சபையார் அனுப்பிய பணத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு காலைக் காப்பாற்றிவிட்டார்கள். மற்றதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

ஆனாலும் அவர் உயிரோடு இருக்கிறார். நான் கேட்டது அதுதான், கொடுக்கப்பட்டதும் அதுதான். அதற்கு என் ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஜெபம். இப்போது தினமும் கடையைப் பூட்டியதும் அக்கா வீட்டுக்குப் போய், அத்தானின் மிச்சமுள்ள பாதத்தை மடியில் வைத்து, விரல் விரலாகப் பார்த்து, ஜெபித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபக்கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். சூடு தெரியவில்லை என்ற இடத்தில் எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அத்தான் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

"அந்த எடத்துல சொல்லாதிய. உசிரோட வந்துட்டேம்லா, அதுக்குச் சொல்லுங்க."

என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். தைரியமாகக் கேளுங்கள். வலித்தால் நன்றி சொல்லுங்கள். வலிக்கவில்லை என்றால், ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.