பேசிக்கொண்டே குளித்த பிள்ளைகள்

அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் மூத்த பிள்ளையாக என் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். அதற்கும் அம்மாதான் காரணம்.

அம்மா எர்ணாவூரில் ஓர் உப்பளத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். பதினேழு வயதில், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு ராயபுரம் வந்தார். பத்து வருடம் பிள்ளை இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், நான்கு வயதுப் பெண்ணாக இருந்த என்னைக் கன்னியர் மடத்திலிருந்து எடுத்து வந்தார்கள். வந்த இரண்டாம் மாதமே எனக்கு வலிப்பு வந்தது. திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனார். விட்டுவிடத்தான் போகிறார் என்று நினைத்து, வழியெல்லாம் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே, வலிப்பு வருகிறதென்று ஒரு வீட்டார் திருப்பி விட்டுப்போன இரண்டு வயதுப் பையன் இருந்தான். நாங்கள் வீடு திரும்பும்போது அவன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"ஒண்ணுக்கு மாத்திர குடுக்கறவ ரெண்டுக்குக் குடுக்க மாட்டனா? நவுருய்யா, புள்ளைக்குப் பசிக்குது" என்றார் அம்மா.

மாதாமாதம் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பார். மந்திரிக்கச் சொன்னவர்களோடு சண்டை போட மாட்டார். எல்லாம் கேட்டுக்கொண்டு மாத்திரையையே கொடுப்பார். அவர் அதிகம் பயந்தது குளியலறைக்குத்தான். ஐந்து குடித்தனங்களுக்கும் அது ஒன்றுதான் என்பதால் தாழ்ப்பாளைக் கழற்றிப் போடவும் முடியாது. ஆகவே எங்களுக்கு ஒரு சட்டம். தாழ்ப்பாள் போடக் கூடாது, குளித்து முடிக்கும்வரை பேச்சை நிறுத்தக் கூடாது. அம்மா கதவோரம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருப்பார். பேச ஒன்றும் இல்லையென்றால் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வரவே வராது. பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்கு அது தப்பென்று தெரியாது. குரல் வந்தால் போதும் அவருக்கு.

"இன்னாக்கா, உன் வூட்டுக்கு ரேடியோவே வாணாம் போலகீதே" என்று கேலி செய்வார் பக்கத்துக் குடித்தனத்து பீவி அக்கா.

"இந்த ரேடியோ நின்னாதான் எனக்கு பேஜாரு" என்பார் அம்மா.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். பெறாத பிள்ளைக்காக எவ்வளவு வேகமாக வருவார் என்று பார்க்கும் புத்தி. அடுத்த மூச்சு விடுவதற்குள் கதவு திறந்தது. மீன் செதில் ஒட்டிய கையோடு நின்றவர், நான் சிரிப்பதைப் பார்த்து ஓர் அறை விட்டார். பிறகு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான்.

கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி இருந்தது. எங்கள் மாத்திரையை ஒருநாளும் மறக்காதவர், தம்முடையதை மறந்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படக் குளிக்கப் போனவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வாளியோடு காத்திருந்த பீவி அக்காதான் கேட்டார்.

"இன்னாம்மா, உங்கம்மா உள்ள போயி எம்மா நேரமாவுது, ஒரு சத்தமும் காணோமே?"

தம்பி கதவை உடைத்தான். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா" என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்களை இத்தனை வருடம் பேசவைத்துக் கேட்டிருந்தவரிடம், நீயும் பேசிக்கொண்டே குளியம்மா என்று நாங்கள் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. தோன்றவே இல்லை. இதை உங்கள் முன் எழுதிவைக்கிறேன். ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அம்மாவைக் கல்லறைவரை சுமந்த அப்பாவின் துறைமுகத் தோழர்களுக்கும், எங்களைத் தந்த மடத்துச் சகோதரிகளுக்கும், வரிசையில் எங்களுக்கு உட்கார இடம் கொடுத்த ஆஸ்பத்திரி ஆயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பீவி அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் நான் குளிக்கப் போனேன். இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து அவர் குரல் வந்தது.

"பேசு கண்ணு, நான் கீறேன்."

என்ன பேசுவதென்று தெரியாமல் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். ஏழெட்டில் அழுகை வந்து குரல் நின்றுபோனது. கதவு உடனே திறந்தது.