அடுத்த வீட்டில் இருந்த உப்புப் பரணி

மணி நாலு ஆனால் என் கை எதையாவது தேடும். ஸ்டியரிங்கில் இருந்தால் சட்டைப் பையைத் தடவிவிட்டு வரும்; கட்டிலில் கிடந்தால் தலையணைக்கு அடியில் துழாவும். அது தேடுவது கடி. திருவனந்தபுரத்தில் சாயாவோடு தின்கிற பலகாரத்துக்கு அதுதான் பேர். "சாயாக்கு கடி என்ன வேணும்?" என்று கடைக்காரர் முதல்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருஷத்தில் அந்தச் சொல் என் வயிற்றுக்குள் கடிகாரம் மாட்டிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பானூரில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்கு இப்பால். பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. மற்றதெல்லாம் பின்சீட்டில் இருப்பவர்கள் பேசப் பேசக் காது கொடுத்துப் படித்தது. வாரத்தில் நாலு நாளாவது பொன்முடி ட்ரிப் இருக்கும். இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எங்கே ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே மண் சரிந்திருக்கும் என்று என் காலுக்கே தெரியும். இறங்கி வரும்போது வித்துராவில் நாலு மணி. வேனை ஓரம் கட்டினால், நான் கேட்காமலே இரண்டு பருப்புவடையும் ஒரு பழம்பொரியும் காகிதத்தில் வந்துவிடும். அது வயிற்றுக்கு அல்ல, மனசுக்கு.

எங்கேயோ ஒரு டிரைவருக்கு மலைமேல் தலை சுற்றியதாம். முதலாளி அதைக் கேட்டுவிட்டு, மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் டாக்டரிடம் எழுதி வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் விசில் அடித்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடி அடித்தார். அவர் மலையாளி, என்னோடு அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார்; அதில் கையெழுத்து ஒப்பு, வாரம் ஆழ்ச்ச.

"பிரஷர் நல்லா கூடியிருக்கு கேட்டோ. இப்ப ஒப்பு போட மாட்டேன். ஆறு ஆழ்ச்ச கழிச்சு வரணும். மாத்திரை ஒருநாளும் முடக்கக்கூடாது. பொரிச்சது நிறுத்தணும், உப்பு குறைக்கணும்."

முதலாளி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "ஒப்பு கிட்டினா பொன்முடி. இல்லேன்னா இனி ஆபீஸ் மேசைதான்."

அன்று முதல் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுத்தேன். என் வேனை என் வயதே ஆன இன்னொரு டிரைவர் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது கல்லாறு தாண்டியிருக்கும். இப்போது மூன்றாவது வளைவு. மேசைக்கு அடியில் என் வலதுகால் தரையை அழுத்தும், அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. டிக்கெட் கேட்க வந்த ஒரு அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "காலுக்கு என்ன சாரே?" என்று கேட்டாள். மரத்துப் போச்சு என்றேன்.

டாக்டர் சொன்னதை என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் எவர்சில்வர் டப்பா ஒன்றை நீட்டினாள்.

"இஞ்சேருங்க, நாலுமணிக்கு உள்ளது. வெளிய கை நீட்டாண்டாம்."

திறந்தால் அவித்த சிறுபயறு, மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல். அடுத்த நாள் ஆவியில் வெந்த ஏத்தம்பழம், நேந்திரன்தான். அதற்கடுத்த நாள் அவித்த நிலக்கடலையும் வெள்ளரிக்காய்த் துண்டும். வீட்டுக் கறியில் உப்பை அவள் பாதியாக்கிவிட்டாள். எல்லாம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"என்னடி இது, ஆட்டுக்கு வைக்கியதா?"

"ஆடு இன்னிக்கு வரைக்கும் பிரஷர் பாக்கப் போவல. தின்னுங்க."

தின்றேன். ஆனால் நாலரைக்கெல்லாம் தெருவுக்கு இறங்கி, ஒரு கடையின் எண்ணெய்ச் சட்டி வாசனையில் நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன்.

அப்போதுதான் என் வேனை ஓட்டியவர் வந்தார். என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு மனசுக்குள் ஒரு உறுத்தல். வித்துராவுக்கு அந்தப்புறம் அவர் வீடு. ஒரு வாழையிலைப் பொதியை மேசைமேல் வைத்தார். உள்ளே காந்தாரி மிளகாய். விரல்நக அளவு, வெள்ளையும் பச்சையுமாய்.

"அண்ணாச்சி, இதத் தின்னணும். ரத்தத்துல உள்ள கொழுப்பு வெண்ண மாதிரி அலிஞ்ஞு போவும், பிரஷர் தன்னால இறங்கும். எங்க மாமனாரு தினம் தின்னாரு. ஒரு டாக்டரும் அவர கண்டதில்ல."

அந்தக் காலத்தில் இங்கே எந்தச் சாயாக்கடையில் போய் நின்றாலும் இதே பேச்சுதான். கொழுப்புக்குக் காந்தாரி. டாக்டர் மாத்திரை கொடுத்தால் பாதிப் பேர் நம்புவார்கள். காந்தாரி என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். நான் சும்மா இருப்பேனா? பொதியோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி அம்மியில் வைத்து நசுக்கினாள். காந்தாரி, சின்ன உள்ளி, கல்லுப்பு, கடைசியில் ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் துவையல் என்போம், இங்கே சம்மந்தி. அவித்த மரச்சீனிக் கிழங்கை அதில் தொட்டு வாயில் வைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால் பாதி, சந்தோஷத்தால் பாதி.

பிறகு எது வந்தாலும் கவலை இல்லை. பயறா, தொட்டுக்கொள்வேன். பழமா, அதையும் தொட்டுக்கொள்வேன். வெள்ளரிக்காயை அதில் குளிப்பாட்டி எடுப்பேன். சின்னச் சம்படம் ஒன்று நிறையத் தினமும் ஆபீஸுக்கு வரும். கறியில் உப்பு இல்லையே, சம்மந்தியில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனைவியும் ஒரு கை கூட்டிப் போட்டாள். மருந்துக்கு யார் அளவு பார்ப்பார்கள்? வியர்த்து வழியும். கொழுப்பு உருகுகிறது என்று துடைத்துக்கொள்வேன்.

மூன்று வாரம் ஆனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு வாரம் என்றவரிடம் பாதியிலேயே போய் நின்றேன், பரீட்சைக்கு முன்னே மார்க் கேட்கிற மாதிரி. டாக்டர் பட்டையைச் சுற்றினார். முகத்தைப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"முன்னத்தவிட கூடுதலாருக்கே. என்ன தின்னுதீங்க?"

பெருமையாகச் சொன்னேன். பயறு, ஏத்தம்பழம், மரச்சீனி, எல்லாம் ஆவியில் வெந்தது. எண்ணெயில் பொரித்த ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

"தொட்டுக்க?"

பையிலிருந்து சம்படத்தை எடுத்துத் திறந்தேன். டாக்டர் விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது சம்மந்தியா, சங்குமுகம் கடலா?"

"காந்தாரி மருந்தில்லியா சார்?"

"காந்தாரிமேல ஒரு குத்தமும் இல்ல. கூட வந்த ஆள்தான் சரியில்ல. இன்னும் மூணு ஆழ்ச்ச இருக்கு. அன்னிக்கும் இப்படின்னா நான் ஒப்பு போட மாட்டேன், பிறகு வந்து கெஞ்சவும் கூடாது."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி கத்துவாள் என்று நினைத்தேன். அம்மிப் பக்கம் போய் நின்றாள். "என் கைதான போட்டுது," என்று அவளுக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கல்லுப்பு இருந்த பரணியை, அந்தப் பீங்கான் ஜாடியை, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

நாங்கள் குடியிருந்தது வலியசாலை அக்ரஹாரத்துக்குப் பின்னால் உள்ள சந்தில். எங்கள் அடுக்களைக்கு எதிரே ஒரு மாமி வீட்டுப் பின்கட்டு. அவர்கள் முற்றத்துப் புளிச்சிக்காய் மரம் எங்கள் மதில்மேல் சாய்ந்து, கொத்துக் கொத்தாகக் காயை எங்கள் பக்கம் உதிர்க்கும். மனைவியும் மாமியும் மதிலுக்கு இருபுறமும் நின்று பேசினால் அரிசி வெந்து குழைந்துவிடும். பரணி அந்த வீட்டுக்குப் போயிற்று. தினமும் காலையில் மாமி ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு அவ்வளவுதான்.

முதல் மூன்று நாளும் நான் மனுஷனாக இல்லை. சம்மந்தி வந்தது; உப்பில்லாத சம்மந்தி, ஆள் இல்லாத பஸ் மாதிரி. மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் அடுக்களைக்குள் நடந்தேன், வாசலுக்கு நடந்தேன், டப்பாக்களையெல்லாம் திறந்து மூடினேன். கடைசியில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாமியின் பின்வாசலில் போய் நின்றேன்.

"மாமி, கொஞ்சம் உப்பு வேணும்."

மாமி உள்ளே திரும்பிப் பார்த்தாள். சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு வச்சாச்சே. இனிமே உப்பு வெளில போகப்படாது."

"அது எங்க வீட்டு உப்புதானே மாமி."

"யாரோட உப்பா இருந்தா என்ன, இப்போ எங்காத்துல இருக்கோன்னோ."

"எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது மாமி."

"உங்களுக்குக் கிடையாதுன்னா அது உப்புக்குத் தெரியுமா?"

கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மாமி குரலைத் தாழ்த்தினாள். "உங்காத்துக்காரி பரணியைக் கொண்டுவந்து வச்சப்போ என்ன சொன்னா தெரியுமோ? 'பகல்ல அவர் ஆபீஸ்ல இருப்பாரு, சாயங்காலம் உங்க விளக்கு பாத்துக்கிடும்'னா."

கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தேன். வெளியே இறங்கி, கோவில் தெருவைச் சுற்றி, கிள்ளியாற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். வழியெல்லாம் கோபம், பிறகு பாதி வழியில் சிரிப்பு.

அன்று முதல் மனைவி அம்மியோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். உப்பு பார்த்த வேலையை வேறு யாருக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும். மதிலுக்கு இப்பால் விழுந்த புளிச்சிக்காயைப் பொறுக்கி, தேங்காயோடு அரைத்தாள். புளிப்பு பல்லைக் கூசவைத்தது. இஞ்சியைக் கூட்டினாள், கஷாயம் ஆயிற்று. கறிவேப்பிலையை வறட்டுச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துச் சேர்த்தாள். கொஞ்சம் தேவலாம்.

"இதுக்கு உயிரே இல்லட்டி," என்றேன்.

"குத்தம் எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. கிண்ணத்தத் தூக்கிட்டு மட்டும் போவாதீங்க."

மாமி சொல்லியிருக்கிறாள். நான் பயற்றைத் தின்றேன்.

ஒருநாள் சின்ன உள்ளியைத் தோலோடு தீயில் சுட்டாள். மேலே கறுத்து, உள்ளே வெந்து, பிதுக்கினால் இனிப்பாக வந்தது. அதோடு வறுத்த எள் கொஞ்சம், புளிச்சிக்காய் இரண்டு, காந்தாரி மூன்று. ஆபீஸில் நாலு மணிக்கு அவித்த நிலக்கடலையை அதில் புரட்டி வாயில் போட்டேன். முதலில் சுட்ட வாசனை, அப்புறம் புளிப்பு, கடைசியில் மெல்ல வந்து உட்கார்ந்தது காரம். கடலைக்கே ஒரு இனிப்பு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் உப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலரை ஆகியிருந்தது. தெருவுக்கு இறங்க மறந்துபோயிருந்தேன்.

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டர் முன் போய் உட்கார்ந்தேன். அவர் காற்றடித்தார், இறக்கினார், உதட்டைப் பிதுக்கினார்.

"கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு." பிறகு மேசைக்கு அடியில் பார்த்தார். என் வலதுகால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "வண்டி இப்ப எங்க போவுது?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன். "இறங்கி வருது சார். வித்துரா பக்கம்."

"அப்ப நிறுத்துங்க. சாயா குடிக்கிற நேரமில்லியா? பத்து நிமிஷம் கழிச்சு எடுக்கலாம்."

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடி வேனை ஓரம் கட்டினேன். கை பைக்குள் போயிற்று. டப்பாவைத் திறந்து கடலையை ஒவ்வொன்றாகத் தின்றேன். கால் எப்போது நின்றது என்று தெரியாது. மறுபடி கூப்பிட்டபோது டாக்டர் பட்டையைச் சுற்றி, காற்றை இறக்கி, பேனாவை எடுத்தார். எழுதி முடித்தபின் சம்படத்தை நீட்டச் சொல்லி விரலால் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை.

"உப்பு மறந்துபோச்சா?"

"அடுத்த வீட்டுல இருக்கு சார்," என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பொன்முடிக்கு ஏறினேன். இருபத்திரண்டு வளைவும் இருந்த இடத்திலேயே இருந்தன. இறங்கும்போது வித்துராவில் வேனை நிறுத்தியதும், கடைக்காரர் கேட்காமலே காகிதத்தில் இரண்டு பருப்புவடையைக் கொண்டுவந்து வைத்தார். என் கை சட்டைப் பைக்குப் போயிற்று, டப்பாவுக்குப் போயிற்று, வடைக்கும் போயிற்று. பொய் சொல்வானேன், ஒன்று தின்றேன். மற்றதைப் பின்சீட்டில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன?"

"ஒண்ணு."

"எப்பிடி இருந்துது?"

"உப்பு கரிச்சுது."

அவள் சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. அம்மிப் பக்கம் திரும்பிவிட்டாள். காகிதம் ஒன்றை என் கையில் திணித்தாள்.

"மாமி விளக்கு வைக்குததுக்கு முன்ன போய் நாளைக்குள்ளத இன்னிக்கே வாங்கிட்டு வாங்க. ஒரு சிட்டிக மட்டும்."

வேன் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் போனேன்.