புனிதன் சுத்தம் செய்த இடுகாடு

அதிகாரி வருகிறார் என்றால் புனிதனுக்கு இருப்புக் கொள்ளாது. தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலையிலிருந்து நின்று பல வருடங்கள் ஆகியும், பெரியவர்கள் வரும்போது தோட்டத்தைத் துடைத்து வைக்கும் பழக்கம் அவரை விடவில்லை. இப்போது அவர் கோயில் தலைவர். மலேசியாவில் நீலாய்ப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அவர் பேச்சுக்கு யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

மழை பெய்தால் அங்கே செப்டிக் டேங்க் பொங்கி வாசல்வரை நாறும். தோட்டத்தைப் பட்டணத்தோடு சேர்த்துக் கழிவுநீர்க் குழாய் போடுகிறோம் என்றார்கள். நடந்ததெல்லாம் இழுபறிதான். வீட்டு வரியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தோட்டம் அதுவரை இருந்த பழைய ஊராட்சி மன்றமும் பட்டணத்து நகர மன்றமும் மல்லுக்கட்டின. கழிவை மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்றும் செலவை மட்டும் இரண்டும் ஏற்க மறுத்தன. கடைசியில், தோட்டத்துப் பள்ளத்திலேயே காலி நிலம் கிடைத்தால் சுத்திகரிப்புக் குளம் வெட்டலாம், வரியைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று ராசியானார்கள். இடம் பார்க்க நாளும் குறித்தார்கள்.

புனிதன் சும்மா இருப்பாரா? ஆட்களைக் கூட்டி, கோயிலடியிலிருந்து பள்ளத்து இடுகாடு வரைக்கும் மட்டமாக வெட்டச் சொன்னார். அந்த இடுகாட்டில் கல்லறைகள் கிடையாது. புதைத்த இடத்தில் ஆளுக்கொரு குரோட்டன்ஸ் செடி, அவ்வளவுதான். அதில் ஒன்று அவர் மனைவி மோகனாவுக்கு அவரே நட்டது. புல்வெட்டும் மெஷினுக்குப் புல் என்ன, செடி என்ன?

“அண்ணே, செடியெல்லாம் போவுதே,” என்றாள் பக்கத்து வீட்டுத் திலகா.

“வேரு இருக்குல்ல, திரும்பத் தழைக்கும் லா. வர்றவங்க நம்மளக் காட்டுல கெடக்குறவங்கன்னு நெனச்சிடக் கூடாது.”

வந்தவர்கள் பள்ளத்தைத் தாங்களாகவே பார்த்துவிட்டு வந்தார்கள். புனிதன் கோயிலடியில் மாலையோடு காத்திருந்தார். இடம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பள்ளம் வெறும் நிலம் என்று அவர்கள் முடிவுகட்டியது அவருக்குத் தெரியாது.

ஒரு காலையில் மண்வாரி இயந்திரம் மேல்மண்ணை வழித்தபோது எலும்பு வந்தது. வேலையை நிறுத்தினார்கள். தோட்டமே பள்ளத்தில் கூடிவிட்டது. யாரும் புனிதனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மன்றத்திலிருந்து வந்த கிரிதரன் நல்ல பிள்ளை. “வீட்டம்மா எங்கன்னு காட்டுங்க ஐயா. தனியா எடுத்து, டவுன் இடுகாட்டுல மரியாதையா வச்சிடுறோம்,” என்றான்.

புனிதன் புரண்டு கிடந்த மண்ணில் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். திரும்பி வேறு பக்கம் நடந்தார். எல்லா இடமும் ஒரே சிவப்பாக இருந்தது. கையைத் தூக்கினார், எங்கே நீட்டுவதென்று தெரியாமல் இறக்கிக்கொண்டார்.

“எல்லாரையும் ஒண்ணாவே வச்சிடுங்க தம்பி,” என்றார். “யாரு என் மோகனான்னு எனக்குத் தெரியல.”