நாற்பது கேள்விக்குப் பூ கட்டியது

தெரியாத கேள்விக்கு விடை எழுதுவது எப்படி என்று என் அக்கா ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். தெரிந்ததை எல்லாம் முதலில் முடித்துவிடு. மிச்சத்தில் இரண்டை அடித்துப் போடு, எந்தக் கேள்வியிலும் இரண்டு விடை சும்மா ஒப்புக்கு நிற்கும். ஆண்டு கேட்டால் ரொம்ப முந்தியதும் வேண்டாம், ரொம்பப் பிந்தியதும் வேண்டாம். ‘எப்போதும்’, ‘எல்லோரும்’ என்று வந்தால் நம்பாதே. எதையும் காலியாக விடாதே, தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள்: முதலில் மனசில் பட்டதை மாற்றாதே.

அது அரசாங்க வேலைக்கான தேர்வின் சரித்திர மாதிரி வினாப் புத்தகம். அக்கா ஒரு தடவை எழுதி மயிரிழையில் தவறினாள். அடுத்த தடவை எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவரும் அவளை எழுதச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. குழந்தையும் பெட்டியும் எங்களிடமே இருந்துவிட்டன.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் உள்ளே எங்கள் ஊர். அக்கா செத்தால் தங்கையைக் கட்டி வைப்பது அங்கே பேச்சுவார்த்தை நடத்தி முடிவு செய்கிற விஷயமே இல்லை, மழை பெய்தால் ஏர் பூட்டுவது போலத்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நான்தான் வாய் கொழுத்துப்போய், பரீட்சை எழுதுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று சண்டை போட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு நைனா இறங்கி வந்தார்.

“ஒரு தபா எய்து. பாஸ் பண்ணா போ. இல்லன்னா ஆவணில தாலி. கொயந்த யாரு கையில வளரும், அத நெனச்சியா?”

நினைக்காமல் இல்லை. குழந்தைக்கு அப்போது இரண்டு வயது, என் மேல்தான் ஏறிக்கொண்டு திரியும். மாமாவும் தங்கமான மனுஷன். ஆனாலும் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அக்காவின் பாயில் படுத்து, அக்காவின் பெயரைச் சொல்லி யாராவது தவறிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, அப்படியே ஆயுசு முடிவதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டியது. இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

நூற்றுக்கணக்கான கேள்விகள். அக்காவின் வழியில் இரண்டை அடித்து, ஒன்றைப் பிடித்து, பள்ளிக்கூடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து முக்கால்வாசியை முடித்துவிட்டேன். கடைசியில் நாற்பது கேள்வி நின்றது. எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் வரவில்லை. விடைப் பக்கங்கள் புத்தகத்தில் இல்லை. எட்டிப் பார்த்துவிடுவோம் என்று பயந்து அக்காவே கிழித்து எங்கோ வைத்துவிட்டாள். அவளுக்கு அவள் மேலேயே நம்பிக்கை கிடையாது.

ஒருநாள் மத்தியானம் நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அம்மா அதை எடுத்துத் தூசி தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“நாலுல ஒன்னு எடுக்கணும், அவ்ளோதான? பூ கட்டிப் பாத்துரலாம்.”

எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நான் சிரித்தேன்.

“சிரிக்காதடி. கோயில் கல்லுல இன்னா எய்தி கீதுன்னு உங்கக்கா படிச்சு காமிச்சாளே. அந்தக் காலத்துல ஊர ஆள்றதுக்கே கொடத்துல ஓலயப் போட்டு, கொயந்தய உட்டுதான எடுத்தாங்களாம். அப்போ அது சரி, இப்போ தப்பா?”

உத்திரமேரூர்க்காரர்களிடம் சீட்டுப் போடுவதைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியாது.

மல்லி முதல் விடை, கனகாம்பரம் இரண்டாவது, அரளி மூன்றாவது, சாமந்தி நாலாவது. நாலையும் பூவரச இலையில் வைத்து ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றினாள் அம்மா. கூடத்துச் சுவரில் அக்காவின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே முறத்தில் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டாள். சாமியை அவள் கூப்பிடவே இல்லை. படத்தைப் பார்த்து, “நீ படிச்சவ. நீயே சொல்லு,” என்றாள். குழந்தையை முறத்தின் முன்னால் உட்கார வைத்தாள். நான் கேள்வியை வாசித்தேன்.

முதல் இரண்டு நாள் குழந்தைக்கு அது விளையாட்டு. பொட்டலத்தை வாயில் வைக்கும், முறத்தைக் கவிழ்க்கும், ஒரு கேள்வியும் நகரவில்லை. மூன்றாம் நாள் அப்படி இல்லை. நான் வாசித்து முடிக்கும் வரை அசையாமல் இருந்தது. பிறகு முறத்தைப் பார்க்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அதே மாதிரி. ஐந்தாறு கேள்வி போன பிறகுதான் எனக்கு உறைத்தது, எடுப்பது எல்லாம் இடது கை. சோறு பிசைவது, கல் பொறுக்குவது, என் தலைமயிரைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றுக்கும் அதற்கு வலது கைதான். எங்கள் வீட்டில் இடது கைக்காரி அக்கா ஒருத்திதான். அதற்காக நைனாவிடம் எவ்வளவோ அடி வாங்கியும் அவள் மாறவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் பார்த்திருப்பாள், அவளும் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நடுவில் ஒரு சோதனை வைத்தேன். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது யார், அரசனா, அர்ச்சகரா, சிறுவனா, ஊர்ப் பெரியவரா என்று அந்தப் புத்தகத்திலேயே ஒரு கேள்வி உண்டு. எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் விடை தெரியும். நாற்பதில் சேராத அதை நடுவில் நுழைத்து வாசித்தேன். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்படி அது என்னை ஒருபோதும் பார்த்ததில்லை. இடது கையால் எடுத்து வைத்தது கனகாம்பரம். அர்ச்சகராம்.

“தப்பு,” என்றேன்.

“தெரிஞ்சுகினே கேட்டியா? சோதிச்சா தப்பாத்தான் சொல்லுவா. அவ கோவக்காரின்னு தெரியாதா ஒனக்கு?” என்று அம்மா என் தலையில் குட்டினாள். ஒரு வாரத்தில் நாற்பதும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் எடுத்த விடையின் பக்கத்தில் சிறிதாக ஒரு புள்ளி வைத்தேன். உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் நம்பிவிட்டேன். புள்ளிகளை மனப்பாடம் செய்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், கட்டிக்கொண்டு போக அக்காவின் நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. பெட்டியைத் திறந்து சேலையை உதறினேன். மடிப்பிலிருந்து நாலாய் மடித்த காகிதங்கள் விழுந்தன. கிழித்து வைத்த விடைப் பக்கங்கள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தேன். நானாகப் போட்டவை பெரும்பாலும் சரி. பிறகு புள்ளி வைத்தவற்றுக்கு வந்தேன். முதலாவது தப்பு. இரண்டாவது தப்பு. ஐந்து, பத்து வரை எரிச்சலாகத்தான் இருந்தது, இந்த அம்மா பேச்சைக் கேட்டேனே என்று. இருபது தாண்டியதும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து ஒத்துப் பார்த்தேன். நாற்பதும் தப்பு. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றுகூடச் சரி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் நாலில் ஒன்று சரியாக விழும். நாற்பதில் பத்துக் கேள்வியாவது தேற வேண்டும், போகட்டும், இரண்டு கேள்வியாவது தேற வேண்டும். ஒன்றுமே தேறாமல் போக வேண்டுமென்றால் நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு ஒவ்வொன்றிலும் அதை விட்டு வேறு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வீட்டில் அவ்வளவு சரித்திரம் படித்தவள் ஒருத்திதான்.

அவள் சொல்ல வந்தது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அழுதேன். பயத்தில் அழுதேனா, கோபத்திலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. புள்ளிகளை எல்லாம் ரப்பரால் அழித்தேன். விடைப் பக்கங்களை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காஞ்சிபுரத்தில் பரீட்சை. என் பழைய தாவணியையே கட்டிக்கொண்டு போனேன். பஸ் ஓரிக்கை தாண்டும் வரை யாரோ பின் சீட்டிலிருந்து என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், கூடையோடு ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தெரிந்ததை முதலில் முடித்தேன். பன்னிரண்டு கேள்வி நின்றது. இரண்டிரண்டாக அடித்தேன். மிச்சம் இருந்த இரண்டைப் பார்த்த உடனே ஒன்று மனதில் பட்டது, சந்தேகத்துக்கே இடமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சொன்ன மாதிரி. அடுத்ததற்கும் அப்படியே. எனக்கு எந்தக் கேள்வியிலும் அவ்வளவு தெளிவு வந்ததே கிடையாது. முதலில் மனசில் பட்டதை மாற்றாதே என்பது அவள் கோடு போட்டு எழுதிய விதி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மேற்பார்வைக்கு நின்ற சார், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மடியில் கிடந்த என் இடது கை தண்ணீரில் வைத்தது போலச் சில்லிட்டிருந்தது. பிறகு பென்சிலை எடுத்து, மனசில் பட்டதை விட்டு மற்றதைக் குறித்தேன். பன்னிரண்டுக்கும் அப்படியே குறித்தேன். ஒவ்வொன்றையும் குறிக்கும்போது உள்ளுக்குள் ‘மன்னிச்சிடுக்கா’ என்று சொன்னேன்.

அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள்.

“பூ சொன்னது வந்துச்சா? சரியா சொன்னாளா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பாஸ் பண்ண வேண்டும் என்பதா அதில் இருந்தது, பெரியவள் பேசினாள் என்று கேட்க வேண்டும் என்பதா? “எல்லாமே சரிம்மா. நாப்பதும் சரி,” என்றேன். அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். குழந்தை அழவில்லை. அவள் தோள் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாஸ் பண்ணிவிட்டேன். ஆனால் உத்தரவு வந்த அன்றைக்கு நைனா வார்த்தை மாறினார். கொயந்தய உட்டுட்டுப் போறது பாவம் என்றார். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அம்மாதான் எழுந்து வந்தாள். நைனாவை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“செத்தவளே நாப்பது தபா சரின்னு சொல்லி இவள அனுப்பிட்டா. நடுவுல நீ யாரு? கொயந்தய நான் பாத்துக்கறேன்.”

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊரெல்லாம் அந்தப் பேச்சு பரவியது. எங்கள் வீட்டில் பூ சொன்ன கதையைக் கேட்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அம்மா சலிக்காமல் சொன்னாள். நான் உள்ளே இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்குப் புறப்பட்ட அன்று மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார். எனக்குத் தாலி கட்டாமல் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு ஜன்னல் கிட்ட வந்தார்.

“நாப்பதும் சரியா சொன்னாளுன்னு அத்த சொல்லிச்சு. அப்போ அவ அங்க நல்லாத்தான் கீறாளா?”

“நல்லா கீறாங்க மாமா. நிம்மதியா கீறாங்க,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முதல் தடவையாக அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். போகாதே, என் பிள்ளையை விட்டுப் போகாதே என்று நாற்பது தடவை அவள் கெஞ்சியது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பஸ் நகர்ந்தது. அவர் தோளில் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்து, இடது கையை என் பக்கம் நீட்டியது.